குமிழ் நடுவில் நிற்காத ரசமட்டம்

பிள்ளைகளே, புடவை வைக்கிற பீரோவில் கொத்தனார் சாமான் எதற்கு என்று போன பொங்கலுக்கு வந்தபோது கேட்டீர்கள். கண்ணாடிக்குள் குமிழ் ஓடுகிற அந்த மஞ்சள் ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வாயால் சொன்னால் எனக்குக் கோவையாக வராது. எழுதிவிடுகிறேன்.

நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் சேராத வயசு. நம் கக்கூசுக்கு அப்போது இருந்தது வெறும் உறைக்குழி. அடியில் பூச்சு கிடையாது. நான் முதலாளியின் கொட்டகையில் நெய்தேன். உங்கள் அம்மா வீட்டில் நெய்தாள். நம் தறி குழித்தறி. குழிக்குள் காலை விட்டு மிதிகட்டையை மிதித்தால்தான் ஓடும். அந்த ஐப்பசி மழையில் உறைக்குழித் தண்ணீர் மண்ணுக்குள்ளாகவே கசிந்து தறிக்குழிக்கு வந்துவிட்டது. கோணியை மடித்துப் போட்டு அதன்மேல் கால் வைத்து நெய்தாள். விரல் இடுக்கெல்லாம் புண். அவளுக்கும் பாவு நூல் கொடுத்த அதே முதலாளி ஒருநாள் வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அடுத்த மழைக்கும் இப்டியே இருந்தா பாவ வேற வூட்டுக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா கையை நிறுத்தாமலே, "குழியில நிக்கறது நானு, நாத்தம் அவருக்கு" என்றாள். அடுத்த மழைக்குள் அவள் கால் காய்ந்த மண்ணில் நிற்க வேண்டும் என்று அன்றைக்கே எனக்குள் முடிவாகிவிட்டது.

சித்திரையில் தேசூரிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். தோட்டத்தின் கடைசி மூலையில், தறிக்கு எட்டாத தூரத்தில், இரண்டு அறை வைத்துத் தொட்டி கட்டினார். உள்பூச்சை அவர் தேய்த்த தேய்ப்பில் முகம் பார்க்கலாம். பைப்பு மட்டும் பாக்கி இருந்தபோது, சொந்தத்தில் ஒரு சாவு என்று ஊருக்குப் போய்விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வைத்துவிட்டுப் போன ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு, பைப்புக்கு வெட்டிய பள்ளத்தில் நானே இறங்கினேன். பார்த்தால் வீட்டுச் சுவரில் விட்ட ஓட்டையைவிடத் தொட்டியில் விட்ட ஓட்டை ஐந்து அங்குலம் கீழே இருந்தது. மேஸ்திரி தப்புப் பண்ணிவிட்டார் என்றே நினைத்தேன். அந்த ஓட்டையை அடைத்து, மேலே வேறொன்று குடைந்து, தறிக்கட்டையை மட்டம் பார்ப்பதுபோல் இருபது அடி பைப்பையும் மட்டம் பார்த்தேன். எங்கே வைத்தாலும் குமிழ் நட்ட நடுவில் நின்றது. நெஞ்சு நிமிர்ந்தது.

அம்மா ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சம் போனது, பிறகு நின்றுகொண்டது. "இன்னாங்க, போவலையே?" என்றாள்.

மூன்றாம் நாள் மேஸ்திரி வந்தார். பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தறிக்காரரு வேலையக் காட்டிட்டீங்களே! தண்ணி ஓடணும்னா சரிவு வேணாமா? நாலு அடிக்கு ஒரு அங்குலம். பீய நிக்க வச்சுப் புடவையா நெய்யப் போறீங்க?"

"அவரு நெய்ஞ்சு முடிச்சுட்டாரு, மேஸ்திரி. நீங்க அறுத்து எடுங்க" என்றாள் அம்மா. அவர் பள்ளத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது; ஆனால் மறுபடி போடும்போது என்னைத்தான் பைப்பைப் பிடிக்கச் சொன்னார். பழைய குழியில் ஆளை இறக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லி, லாரி வைத்து உறிஞ்சவைத்து, சுண்ணாம்பும் மண்ணும் போட்டு மூடினார். புறப்படும்போது ரசமட்டத்தை என் கையில் கொடுத்தார். "தறிக்கு வச்சுக்கோங்க. பைப்பு பக்கம் மட்டும் எடுத்துகினு போவாதீங்க."

அந்த ஐப்பசியும் கொட்டித் தீர்த்தது. அம்மா குழியிலிருந்து காலை எடுத்து எனக்கு நீட்டிக் காட்டினாள். குதிகாலில் புழுதி. அவள் மறுபடி நெய்ய ஆரம்பித்துவிட்டாள். என் வாழ்நாளில் எத்தனையோ புடவைக்கு நல்ல பேர் வாங்கியிருக்கிறேன். அந்தப் புழுதிக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை.

பொங்கல் முடிந்து உங்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அம்மா தறியில் இருந்தாள். உள்ளே மிதிகட்டைச் சத்தம் கேட்டது. பீரோவைத் திறந்து ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு நான் மட்டும் தோட்டத்துக்குப் போனேன். மேஸ்திரி கிட்டே கொண்டுபோகாதே என்ற அந்தப் பைப்பு, மண்ணுக்குள் இறங்கும் முன் சுவரோரமாக ஒரு முழம் வெளியே தெரியும். அதைத் துடைத்து, மேலே வைத்துப் பார்த்தேன். குமிழ் நடுவுக்கு வரவில்லை. மேடான வீட்டுப் பக்கமாக ஒதுங்கியே நின்றது.