நிழல் வரும் வரைக்கும்

ஈப்போ சந்தையில் அவித்த நிலக்கடலை மணந்தாலே எனக்குச் சுங்காய் தோட்டம்தான். கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்துப் புதுக்கன்று நட்ட வருஷங்களில், நிரைகளுக்கு நடுவே சும்மா கிடந்த வெயிலையெல்லாம் அம்மா, வேறு பகுதியில் பால்மரம் சீவிவிட்டு வந்த கையோடு, கடலையாகவும் மரவள்ளியாகவும் ஆக்கிவிடுவாள். கன்றுகள் வளர்ந்து நிழல் கூடினால், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வெட்டவெளிக்குப் போய்விடுவாள்.

"மண்ணுதான் கம்பெனியோடது. வெயிலு யாரோடது?" என்பாள்.

இன்று அங்கே ரப்பருக்குப் பதில் எண்ணெய்ச் செம்பனை; அம்மா ஈப்போவில், அடுக்குமாடியில். கடலைப் பொட்டலத்தோடு போனேன். நடைவழியில் மிளகாய்த் தொட்டிகள். எதிர்க் கட்டடத்தின் நிழல் அவற்றைத் தொட்டதும் எழுந்துவிட்டாள்.

"நிழலு வந்துருச்சுலா. ஒரு கை பிடி, அந்தப் பக்கம் போலாம்."