பூப்பேர் தெரியாத பட்டைக்காரர்

ரஹ்மான் உயிரோடு இருந்தவரை எதையும் கடித்துப் பார்த்துத்தான் நம்பினார். கடைசியில் ஆஸ்பத்திரி மாத்திரையையும் கடித்தார்.

வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்புக்காக ஜவ்வாது மலையில் மரப்பட்டை பார்ப்பது அவர் வேலை. தோல் பதனிட ஆவாரம் பட்டையும் கொன்றைப் பட்டையும் வேண்டும். துவர்ப்பு எவ்வளவு என்று நாக்குதான் சொல்லும். பன்னிரண்டு வருடம் காட்டில் நடந்தவர், மரத்தை நெஞ்சு உயரத்துக்கு மேல் பார்த்ததில்லை. அவருக்கு வேண்டிய பட்டை அங்கே முடிந்துவிடும்.

1961 ஐப்பசியில் அவர் மனைவி ஷம்ஷாத் ஒடுகத்தூரில் தாய்வீட்டில் இருந்தாள். பிரசவம் இன்றோ நாளையோ என்றாள் மருத்துவச்சி. ரஹ்மான் வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்த நடையில் வீட்டுக்கே தலை சுற்றியது. மாமியார் அவரை மலைக்கு அனுப்பிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும் என்று ஷம்ஷாத் சொல்லி அனுப்பினாள். பிறந்த குழந்தையின் வலக்காதில் தகப்பன் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்ல வேண்டும். தகப்பன் இல்லாவிட்டால் அவள் அண்ணன் முகமது சொல்லிவிடுவான். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு முன்பே பிரியாணிக்கு உட்கார்ந்தவன் முகமது. குழந்தையின் காதையும் அவனுக்கு விட்டுக்கொடுப்பதாக ரஹ்மான் இல்லை.

மூன்று மணி நேர ஏற்றம். மேலே, பட்டை உரித்துத் தரும் வெள்ளையம்மாளும் அவள் மகன் முனியனும் காத்திருந்தார்கள். ஊரை ஒட்டி வனத்துறை தைல மரம் நட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. மழைக்கு அதன் அடியில் மஞ்சள் தொப்பிக் காளான் முளைத்திருந்தது. மலையில் யாரும் அதுவரை பார்க்காத காளான். ரஹ்மான் போகிற போக்கில் ஒன்றைப் பிடுங்கினார், கடித்தார், மென்றார், விழுங்கினார்.

"துவர்ப்பு பத்தாது," என்றார்.

அதை யாரும் தின்றதில்லை என்று வெள்ளையம்மாள் மெதுவாகச் சொன்னாள். தெரியாத காளானைத் தின்றவரை என்ன செய்வது என்று அந்த ஊரில் ஒரு முறை இருந்தது. உப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும். தூங்க விடாமல் காட்டில் நடத்த வேண்டும். கண்ணில் பட்டதையெல்லாம் காட்டிப் பேர் கேட்க வேண்டும். பேர் தப்பினால் விஷம் தலைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

தாயும் மகனும் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொள்ள, ரஹ்மான் நடந்தார். புதர்மேல் கண்வலிப் பூ நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"அது இன்னா பூ, பாய்?"

ரஹ்மானுக்கு உலகத்தில் ஒரே பூதான் தெரியும். "ஆவாரம்."

வெள்ளையம்மாள் அடுத்துத் தும்பையைக் காட்டினாள்.

"வெள்ளை ஆவாரம்."

விழுந்து கிடந்த மரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் ஏறியிருந்தது. ரஹ்மான் கட்டைவிரலால் அழுத்தினார், வளைத்தார், முகர்ந்தார். பதம் பண்ணாத தோல் என்றார். முனியன் தாயைப் பார்த்தான்.

தலைக்கு மேலே டொக்டொக் என்றது. மரங்கொத்தி. பொன் முதுகு, சிவப்புக் கொண்டை. கண் தெரியாதவனுக்கும் தெரியும். ரஹ்மான் காலடியில் விழுந்த சில்லைப் பொறுக்கினார். தலை என்ன நிறம் என்று கேட்டான் முனியன். உள்பட்டை சிவப்பு, நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று பதில் வந்தது.

கட்டிலைக் கொண்டுவரச் சொன்னாள் வெள்ளையம்மாள்.

உச்சி வெயில் ஆகிவிட்டது. ரஹ்மானின் நினைப்பெல்லாம் முகமதுவின் மேல் இருந்தது. காளான் தின்பதற்கு முன்பும் தான் இப்படித்தான் என்று சொல்லிப் பார்த்தார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள் அவள். அப்படியானால் துண்டால் என் கண்ணைக் கட்டி மரங்களிடம் கூட்டிப் போங்கள் என்றார். கட்டினார்கள். ஏழு மரம். தடவினார், கடித்தார், சொன்னார்: வேங்கை, கொன்றை, மருது, நெல்லி, கடுக்காய், வெட்பாலை, தேக்கு. ஒன்றும் தப்பவில்லை. கொன்றையைப் போன வருடம் வடக்குப் பக்கம் உரித்தது யார் என்று திட்டவும் செய்தார்.

வெள்ளையம்மாள் துண்டை அவிழ்த்தாள்.

"கண்ணத் தொறந்தா ஒண்ணும் தெர்ல. கட்டிட்டா எல்லாம் தெரியுது. இது காளானோட போற சமாச்சாரம் இல்ல, முனியா."

கயிற்றுக் கட்டிலில் அவரைக் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்; வெள்ளையம்மாளும் கூடவே வந்தாள். முதல் வளைவு வரை ரஹ்மான் வாதாடினார். பிறகு கணக்குப் போட்டார். நடந்தால் இரண்டரை மணி நேரம், இவர்கள் ஓடுகிறார்கள். பேசாமல் படுத்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் கட்டிலை இறக்கி ஒரு பூவைக் காட்டினார்கள். அவரும் சளைக்காமல் ஆவாரம் என்றார்.

கட்டில் தெருவுக்குள் நுழைந்ததும் கடைக்காரர்கள் எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்தார்கள். மாமியார் வாசலில் அழத் தொடங்கினாள். ரஹ்மான் படுத்தபடியே சலாம் சொன்னார். அவள் இன்னும் பலமாக அழுதாள். உள்ளே இன்னொரு அழுகை கேட்டது. புதியது, மெல்லியது. பெண் குழந்தை. முகமது கை கால் கழுவி, அறை வாசலில் ஒரு காலை வைத்திருந்தான்.

ரஹ்மான் கட்டியிருந்த கயிற்றை உதறிக்கொண்டு ஓடினார். வெள்ளையம்மாள் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"மூச்சுல விஷம் இருக்குது. பச்சப் புள்ள காதாண்ட வுட முடியாது."

முகமது அதை முழு மனதோடு ஆமோதித்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து ஷம்ஷாத் கேட்டாள்: "இன்னா தின்னாரு?" சொன்னார்கள். "அவர் எப்பவும் அப்டித்தாங்க. கல்யாணத்துக்கு வாங்கின சோப்பையே கடிச்சுப் பாத்தவரு."

மனைவி சாட்சி செல்லாது என்றாள் வெள்ளையம்மாள். கட்டில் கயிற்றில் சிக்கியிருந்த நீலப் பூ ஒன்றை எடுத்து நீட்டினாள். கடைசிக் கேள்வி. ரஹ்மான் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். ஐந்து இதழ். நடுவில் மஞ்சள் புள்ளி. இதழ் ஓரத்தில் மயிரிழை போலக் கோடு. திருப்பிப் பார்த்தார். கடிக்கவில்லை.

"தெர்ல," என்றார்.

"எறங்கிடிச்சு," என்றாள் அவள். "ஏறினவன் தெரியாதுன்னு சொல்ல மாட்டான்."

ரஹ்மான் கை கால் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனார், குனிந்தார். ஏழு மரத்துத் துவர்ப்பும் நாக்கைப் பிடித்திருந்தது. சொற்கள் இறுகி, ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றையும் விடவில்லை. முடியும்வரை வெள்ளையம்மாள் அவர் சட்டை முனையைப் பிடித்திருந்தாள். விழுந்தாலும் குழந்தைமேல் விழக் கூடாதல்லவா.