ஆண் பக்கம் ஆடுகிறவள்

ஆடப் போகிறாள்தான், யார் இல்லையென்றது? புதன்கிழமை பின்னேரம் நாகேஸ்வரி சப்பாத்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிரெய்கிபர்னில் ஆட்டம் பழக்கும் மண்டபத்துக்கு நடப்பதை ஊரே பார்க்கிறது. "மனுசன் நடுங்கிக்கொண்டு வீட்டில கிடக்க, இவ வெள்ளைக்காரரைக் கட்டிப்பிடிச்சு ஆடுறா" என்று பக்கத்து வீட்டுக் கஜந்தி கோயில் அன்னதான வரிசையில் நின்று சொன்னாள், கண்ணால் கண்டவள்போல. மண்டபத்து வாசலையாவது மிதித்திருந்தால் தெரிந்திருக்கும்: நாகேஸ்வரி எந்த ஆணின் கையையும் தொடுவதில்லை. அவள் பழகுவது ஆண் ஆடும் பக்கத்தை. சோடி கிடைக்காத கிழவிகளைக் கைப்பிடித்து இழுத்து, சுழற்றி, விழாமல் நிறுத்துவது அவள்தான்.

காலையில் அவளுக்குப் பிள்ளைகள் காப்பகத்துக் குசினியில் வேலை. அங்கே வெங்காயம் வெட்டும்போதும் குதிக்கால் தாளம் போடும். வழுக்காமல் இருக்க, ஆடும் சப்பாத்தின் அடித்தோலைக் கம்பித் தூரிகையால் சுரண்டாமல் தரையில் கால் வைக்க மாட்டாள். யாராவது காலை மிதித்துவிட்டால், "நீ ஏன் அங்க போய் நிண்டனி?" என்று தன் காலையே ஏசுவாள்.

கஜந்தி ஒருநாள் வேலிக்கு மேலால் கேட்டாள். "அன்ரி, ராக் அண்ட் ரோல் எண்டால் கெட்ட ஆட்டமாமே?"

"முதல்ல கப்பல் கடலில ஆடுறதைத்தான் அப்பிடிச் சொன்னவையாம். பிறகு அமெரிக்காவில கறுப்புச் சனம் கோயில்ல பாடி ஆடினதுக்கும் அதே சொல்லாம். எங்கட ரீச்சர் ஜோய்ஸ் சொன்னவ."

"வேற அர்த்தமும் இருக்கெண்டு கேள்வி."

"ஓம், இருக்கு. ஆம்பிளை பொம்பிளை விசயம். அது இல்லாமலோ நீ பிறந்தனி?"

கஜந்தி சிரித்துவிட்டாள். நாகேஸ்வரி சிரிக்கவில்லை. "அடிமையா வைச்சிருந்த சனத்தின்ர பிள்ளையள் துவக்கினது, பிள்ளை. கட்டிப்போட்ட உடம்பு தன்ர பாட்டில ஆட வெளிக்கிட்ட ஆட்டம்" என்றாள்.

கட்டிப்போட்ட உடம்பு எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கணவர் சிவபாதசுந்தரத்துக்குப் பார்க்கின்சன் நோய். வீட்டுக்குள் நடப்பார். கதவு நிலையைக் கண்டதும் கால் இரண்டும் ஆணி அடித்ததுபோல நின்றுவிடும். தாளத்துக்கு இடமும் வலமும் அசைந்து, ஓர் அடி பின்னுக்கு வைத்து, பிறகு முன்னுக்கு வந்தால் கால் விடுபட்டு நகரும் என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் சொன்னாள். ராக் அண்ட் ரோலின் முதல் அடியும் அதுதான் என்று அவள் சொல்ல, அடுத்த புதன்கிழமையே நாகேஸ்வரி மண்டபத்தில் போய்ப் பெயர் கொடுத்தாள்.

அறைக் கதவுகளில் அவள் அப்படி ஆட்டுவிக்க அவர் இணங்கினார். வாசல் கதவில் மாட்டேன் என்றார். "வெளிக்கிடேக்க ஆரும் பின்னுக்குக் கால் வைப்பினமே? சகுனப்பிழை. அதிலயும் நீர் ஆட்ட, நான் ஆடுறதோ? றோட்டால போற சனம் என்ன சொல்லும்?" வாங்கி வைத்த சக்கரக் கதிரையிலும் ஏற மாட்டார். அதில் துணிதான் காய்ந்தது. குளிர்காலம் முழுக்க அவர் வெளியே இறங்கவில்லை.

டண்டினோங்கில் இருந்த அவருடைய தமையன் செத்துப்போனார். மத்தியானம் பெட்டியை மூடிவிடுவார்கள். கூட்டிப்போகக் கஜந்தி கார் கொண்டுவந்தாள். உறவுக்காரர் இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். வெள்ளை வேட்டியோடு நிலைவரை வந்த சிவபாதசுந்தரம் அப்படியே நின்றுவிட்டார். தூக்க வந்தவர்களை, "தொடாதேங்கோ!" என்று அதட்டினார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அண்ணற்ற முகம் பாக்க வேணும், நாகேசு."

நாகேஸ்வரி நிலையைத் தாண்டி வெளியே போய், அவருக்கு முகம் கொடுத்து நின்று, உள்ளங்கை மேலே தெரியக் கையை நீட்டினாள். செத்த வீட்டுக்குப் போகிற நாளில் பாட்டு ஏது? குதிக்காலால் சீமெந்தில் மெல்லத் தட்டினாள்.

"எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்."

அவர் றோட்டைப் பார்த்தார், கஜந்தியைப் பார்த்தார். பிறகு, ஆட்டத்தில் பெண்கள் வைப்பதுபோல, நடுங்கும் தன் கையை அவளுடைய கையின்மேல் வைத்தார். இடமும் வலமும் அசைந்தார். எல்லோரும் பார்க்க ஓர் அடி பின்னுக்கு வைத்து, நிலையைத் தாண்டினார்.