காருக்குள் பதினேழு பொட்டு

போன வாரம் மும்பை மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி ஏறி உட்கார்ந்ததுமே தலையில் ஏதோ தடவியது. நிமிர்ந்து பார்த்தால், கூரையோடு ஒட்டியிருக்க வேண்டிய துணி கழன்று தூளி மாதிரி தொங்குகிறது. கூடவே அந்த வாசனை. பொடிந்த ஃபோமும் பழைய பசையும் வெயிலில் வெந்து கிளப்புகிற புளித்த வாசனை. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "சாரி ஆன்ட்டி, தோடா அட்ஜஸ்ட் கரோ" என்றார். அட்ஜஸ்ட் செய்வது எனக்கு என்ன புதுசா, சொல்லுங்கள்.

எங்கள் காரும் இப்படித்தான் தொங்கியது. கார் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கோபர்கைரனேயில் வாடகைக்கு இருந்தபோது ஆபீஸ் லோனில் வாங்கிய சின்ன வெள்ளை வண்டி. முதல் ஆயுத பூஜைக்கு இவர் (என் கணவரை அப்படிச் சொல்லித்தான் பழக்கம்) குளித்துவிட்டு வந்து பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மறுநாள் காலை அடுக்குமாடி சொசைட்டியில் கார் துடைக்கிறவன் ஈரத்துணியால் அதைச் சுத்தமாக வழித்துவிட்டுப் போய்விட்டான். இவருக்கு வந்ததே கோபம். ஆனால் அவனிடம் போய் மராட்டியில் சண்டை போடுகிற தைரியம் கிடையாது. காருக்குள் ஏறி, நான் உட்காரும் சீட்டுக்கு மேலே கூரைத் துணியில் ஒரு பொட்டு வைத்தார்.

"இதைத் தொடைக்கட்டும், பாக்கலாம்."

அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒன்று. ஒரே வரிசையில், ஒரு விரற்கடை இடைவெளி விட்டு. ஆயுசு முழுக்க லெட்ஜரில் கோடு போட்ட கை அல்லவா. சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிடும், குங்குமக் கறை மட்டும் துரு நிறத்தில் தங்கும். என் பேங்க் தோழி ஒருத்தி ஒருமுறை ஏறிவிட்டு, வெற்றிலை போடுகிற பழக்கம் யாருக்கு என்று கேட்டாள். எனக்கு மானம் போயிற்று. அதற்காக இவரோடு இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன். எதெதற்கெல்லாம் பேசாமல் இருந்திருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ரிட்டயர் ஆகி சான்பாடாவுக்குக் குடிவந்த பிறகு இவருக்கு மறதி வந்தது. சாவியை எங்கோ வைப்பதில் ஆரம்பித்து, எட்டு மணிக்குத் தின்ற இட்லியைப் பத்து மணிக்கு மறப்பதில் வந்து நின்றது. மகள் உமா போன் செய்தால், "யாரும்மா பேசறது?" என்று மரியாதையாகக் கேட்பார். வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல்காரர் சாமி கும்பிட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமைதோறும் செம்பூரில் டாக்டர். இவர் இப்போது என் பழைய சீட்டில். அந்தச் சமயத்தில்தான் துணி தொங்க ஆரம்பித்தது. தொங்கத் தொங்கப் பொட்டு வரிசை இவர் கண்ணுக்கு நேரே இறங்கி வந்தது. ஒருநாள் வாஷி பாலம் ஏறும்போது முதல் பொட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது கோபர்கைரனே. தண்ணியே வராது." அடுத்ததற்கு நகர்ந்தார். "இது உமா பத்தாவது எழுதினது. இது நீ வழுக்கி விழுந்து கையை ஒடிச்சுண்ட வருஷம்."

பதினேழையும் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நன்னா ஓட்டறியே, எப்போ கத்துண்டே?" என்றார். அழுதுகொண்டே டோல் தாண்டினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வியாழனும் அப்படியே. அந்த முக்கால் மணி நேரம் என் கணவர் எனக்குத் திரும்பக் கிடைப்பார்.

பின்னே ஏன் அதில் கைவைத்தாய் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. துணி என் கண்ணையும் மறைத்தது. ஃபோம் கடலைமாவு மாதிரி உதிர்ந்து இவருக்கு இருமல் வந்தது. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து ஊக்குதானே. தாலிச் சங்கிலியில் எப்போதும் நாலைந்து கோத்து வைத்திருப்பேன். ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் குத்தினேன். ஒருநாள் பள்ளத்தில் வண்டி குதித்தது, ஊக்கு ஒன்று திறந்து இவர் வழுக்கைத் தலையில் குத்திவிட்டது. ஒரு சொட்டு ரத்தம்தான். குழந்தை மாதிரி அழுதார். மறுநாளே தாராவிக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

குஷன் கடை செல்லத்துரைக்குத் திருநெல்வேலிப் பக்கம். தொங்கிய துணிக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"துணி நல்லாத்தான் இருக்குக்கா. உள்ள ஃபோம் பொடிஞ்சு போச்சு, பாத்துக்கிடுங்க. மறுபடி பசை போட்டா ஒட்டாது. போர்டை இறக்கி, சுரண்டி, புதுசுதான் போடணும்."

மத்தியானத்துக்குள் அட்டையைக் கழற்றி வெளியே வைத்துத் துணியை உரித்தார். உரித்ததைச் சுருட்டிக்கொண்டு வந்து கேட்டார்.

"குங்குமம் வச்சிருக்கீங்க போல. வேணுமாக்கா?"

"வேண்டாம். அழுக்கு. தூரப் போட்டுடுங்கோ."

நான்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். சொல்யூஷன் பசை வாசனையும் சாம்பல் நிறப் புதுத் துணியும் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயின. ஒரு சுருக்கம் இல்லை. ஹாரன் அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை இவர் ஏறி உட்கார்ந்து மேலே பார்த்தார். விரல் மேலே போய், தடவி, கீழே வந்தது.

"இது யாரோட வண்டி?"

"நம்ம வண்டிதான்னா."

"இல்லை. எறங்கு. வண்டிக்காரன் வந்துடுவான்."

கதவைத் திறந்து இறங்கிவிட்டார். இவரைப் பக்கத்து வீட்டில் உட்கார்த்திவிட்டு நான் தாராவிக்கு ஓடினேன். குப்பை வண்டி முதல் நாளே வந்து போயிருந்தது. செல்லத்துரைக்கு முகம் வாடிவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தத் துண்டை மட்டும் வெட்டி வச்சிருப்பேனேக்கா."

அடுத்த வியாழன் காலை சந்தனம் இழைத்து, நானே பதினேழு பொட்டு வைத்தேன். அதே வரிசை, அதே விரற்கடை. ஏமாற்றுகிறவளுக்கு எவ்வளவு கவனம், பாருங்கள். கெஞ்சிக் கூட்டி வந்தேன். முதல் பொட்டைத் தொட்டுவிட்டு விரல் நுனியைப் பார்த்தார்.

"ஈரமா இருக்கு. இன்னிக்குத்தான் யாரோ வச்சிருக்கா."

எல்லாவற்றையும் மறந்த மனிதருக்கு அது மட்டும் எப்படித் தெரிந்ததோ. அதோடு காரில் ஏறுவது நின்றது. வேறு வண்டியிலும் ஏறவில்லை. டாக்டரே மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். கோபர்கைரனேயும் உமாவின் பத்தாவதும் என் ஒடிந்த கையும் பிறகு இவர் வாயில் வரவே இல்லை. நானும் யாரோ ஒரு பெண்மணி ஆனேன். "நீங்க சாப்பிட்டேளா?" என்று கேட்பார், அதே மரியாதையோடு. போன ஐப்பசியில் போய்விட்டார். வண்டியைக் காயலான் கடைக்காரன் இழுத்துக்கொண்டு போனான். செல்லத்துரை கடை இருந்த சந்து முழுவதையும் இடிப்பதற்காக நீலத் தகரம் அடித்து மறைத்துவிட்டார்கள். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

டாக்ஸி தாதர் சிக்னலில் நின்றது. துணி இன்னும் கொஞ்சம் இறங்கி என் கண்ணை மறைத்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். வெறும் துணிதான்.

"ஆன்ட்டி, பின் ஹை க்யா? லேடீஸ் கே பாஸ் ஹோதா ஹை நா?"

ஊக்கு கேட்கிறார், பெண்களிடம் இருக்குமே என்கிறார். கை தானாகக் கழுத்துக்குப் போனது. சங்கிலி இல்லை. இவர் போன பத்தாம் நாள் கழற்றியது.

"நஹீ ஹை, பையா" என்றேன். இறங்கும் வரை துணியைக் கையாலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.