என் மகளுக்கு வைத்த அட்டைச் சோதனை

மகள் அதைச் சொன்னபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தூளியில் கிடந்த தம்பியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவள், பசிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்: "தம்பியும் போயிருவான்."

வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டுத் தூளியிடம் ஓடினேன். இவனுக்கு முன்னால் பிறந்த பையன் ஒரு மழைக்காலத்தில் மூச்சு முட்டி எங்களை விட்டுப் போனான். இவனுக்கும் அதே இழுப்பு தொடங்கியிருந்தது. பால் குடிக்கும்போது நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம் கேட்கும்.

வேறு ஐந்து வயதுப் பிள்ளை சொல்லியிருந்தால் அதட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் இவள் சொன்னதெல்லாம் பலித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிகள் ஓடும் தறிக்குடோன். அங்கே தறி ஓட்டுபவரின் மனைவி முழுகாமல் இருப்பதை, அவர் எங்களிடம் சொல்வதற்கு முன்பே இவள் சொன்னாள். தறியில் பாவு நூலைப் பிணைக்க வருகிறவர் இனி வரமாட்டார் என்றாள். அடுத்த வாரம் அவர் முதலிபாளையம் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். என் கணவரின் அண்ணி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், முருகன் இவள் நாக்கில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். பக்கத்துப் பெண்கள் வாழைப்பழமும் வெற்றிலையுமாக வந்து என் மகளிடம் வாக்குக் கேட்கத் தொடங்கினார்கள்.

தம்பியைப் பற்றி அவள் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பையனைக் கோயமுத்தூர் டாக்டரிடம் காட்டலாம் என்று மட்டும் மெதுவாகக் கேட்டேன்.

"அவசரப்படாத அம்மிணி. ஊட்லயே வாக்கு இருக்குது. புள்ள வாயால நல்ல சொல்லு வரட்டும், அப்பறம் பஸ் ஏறு" என்றார் அக்கா.

என் கணவர் அண்ணி சொல்லைத் தட்டமாட்டார். நானும் தட்டிப் பழகியவள் இல்லை. வெள்ளிக்கிழமை மகளைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, எல்லார் முன்னாலும் பையனைப் பற்றிக் கேட்பது என்று முடிவானது. அவள் மறுபடியும் அதையே சொல்லிவிட்டால்? பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவள்தானே, ஏன் இப்படி நடுங்குகிறாய் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். படித்தது ஒன்றும் கைகொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால், கணவரின் பழைய சிநேகிதர் ஒருவர் வந்தார். கல்லூரியில் மனோதத்துவம் நடத்துபவர். மனதால் மனதை அறிவது உண்டா என்று வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறார்களாம். மகளைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டார். உடனே சம்மதித்தேன். அவள் தோற்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

வட்டம், சதுரம், நட்சத்திரம், அலை என்று வரைந்த அட்டைகளைக் கொண்டுவந்திருந்தார். நான் அட்டையைப் பார்த்து மனதில் நினைக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் மகள் என்ன படம் என்று சொல்ல வேண்டும். தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. மகள் அந்தச் சத்தத்திலும் தயங்காமல் கத்தினாள்: "நட்சத்திரம். அலை. மறுபடி அலை."

ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் சரி. அவர் பேனாவை வைத்துவிட்டு மகளையே பார்த்தார். வாசற்படியில் நின்ற அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். இவளுக்குத் தெரிகிறதென்றால், தம்பி விஷயமும் தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைக் கவனித்தார். பிறகு, "தங்கச்சி, சுவத்தப் பாத்துத் திரும்பி உக்காருங்க" என்று சைகை காட்டினார்.

திரும்பி உட்கார்ந்தேன். மகள் ஒரே குழப்பமாகச் சொல்ல ஆரம்பித்தாள். வட்டத்துக்குச் சதுரம், சதுரத்துக்கு அலை. கடைசியில் அழுதுவிட்டாள். "அம்மாவத் திரும்பச் சொல்லுங்க, சொல்றேன்."

மத்தியானச் சோற்றுக்குத் தறியை நிறுத்தியதும் அவர் சொன்னார். "அட்டையப் பாத்ததும் உங்க உதடு அசையுதுங்க. வட்டம்னு வாய்க்குள்ள படிக்கிறீங்க. புள்ள அதைப் பாத்துச் சொல்லுது."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தறிக்குடோனில் யாரும் யார் பேச்சையும் காதால் கேட்பதில்லை. வாயசைவைப் பார்த்தே வேலை நடக்கும். எல்லாரும் செய்வதால் அது ஒரு வித்தை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. குடோன் கதவோரம் விளையாடும் பிள்ளைக்கும் அது வரும், தறிக்காரர் வீட்டுச் சேதியையும் பாவுக்காரர் சேதியையும் அங்கேதான் பார்த்துவிட்டு வந்தாள் என்று நினைக்கவுமில்லை.

"படிச்சவங்க ரெண்டு பேரும் சேந்து முருகனையே வெரட்டீட்டீங்க" என்றார் அக்கா.

"நான் எங்கீங்க வெரட்டுனேன்? உண்மையா இருக்கோணும்னுதான் நானும் வந்தேன்" என்று அவர் சிரித்தார். சிரிப்பில் ஏமாற்றம் இருந்தது.

"அப்ப அந்த ஆராய்ச்சியெல்லாம் பொய்யுங்களா?" என்று கேட்டேன்.

"பொய்னு அடிச்சுச் சொல்றதுக்கில்லீங்க. ஒருத்தர் செஞ்சா வருதுங்கறாங்க. இன்னொருத்தர் இந்த மாதிரி ஓட்டையெல்லாம் அடைச்சுட்டுச் செஞ்சா வர மாட்டீங்குது. யார் செஞ்சாலும் வர்ற வரைக்கும் அதை விஞ்ஞானத்துல சேத்த மாட்டாங்க."

"பையனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எடுத்துக்கலாமுங்களா?" எதற்காகக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

"அட்டைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்களே. டாக்டர்கிட்டக் காட்டுங்க."

அவர் போன பிறகு மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். "தம்பியும் போயிருவான்னு யாரு சொன்னாங்க, கண்ணு?"

"நீதாம்மா. தூளி ஆட்டறப்ப தெனமும் சொல்லுவியே."

நான் வாய்விட்டு அப்படிச் சொன்ன ஞாபகமே எனக்கு இல்லை. நினைத்திருக்கிறேன். தூளிக் கயிற்றைப் பிடித்தபடி அதை மட்டும்தான் நினைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்கு நான் காத்திருக்கவில்லை. யாரையும் கேட்காமல் மறுநாள் காலையிலேயே இரண்டு பிள்ளைகளோடும் பஸ் ஏறினேன். அக்கா வாசல்வரை வந்தார்.

டாக்டர் குழாயைப் பையன் நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார். முதுகில் வைத்தும் கேட்டார். வாக்கு இல்லை என்றாகிவிட்டது. அதனால் என் பயம் குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. முருகன் சொன்னதாக இருந்தவரை அவனிடம் மன்றாடலாம் என்றாவது இருந்தது; இப்போது அது என் சொல்லாகவே ஆகிவிட்டது. டாக்டர் இன்னும் தலையை நிமிர்த்தவில்லை. மகள் அண்ணாந்து என் உதட்டைப் பார்த்தாள். அவள் முகத்தை என் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.