கண்ணாடியில் தேய்ந்த எலும்பு

ஷீலாவின் வேலையை, புனேயின் கட்கிப் பகுதியில் இருக்கும் அவள் சொந்தக்காரர்கள் 'கல்லு அறுக்கிற வேலை' என்பார்கள். அது தப்பும் இல்லை. புனேயில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் நிலவியல் பிரிவில் இருபது வருடங்களுக்கு மேலாக அவள் கல் அறுத்துக்கொண்டிருக்கிறாள். அறுத்த வில்லையைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, கார்போரண்டம் என்ற உராய்வுப் பொடி தூவிய தட்டில் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். தலைமுடியைவிட மெலிதாகும்போது கல்லுக்குள் வெளிச்சம் புகுந்துவிடும். பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். சிப்பி ஓட்டின் அடுக்கு தெரியும். எலும்பென்றால் அதில் ரத்தம் ஓடிய துளைகள்கூடத் தெரியும்.

கல் கொண்டுவருகிறவர்கள் ஆராய்ச்சி மாணவர்கள். அவர்களில் ஒருத்தி சஹானா. புனேயிலேயே விஷ்ராந்த்வாடியில் வீடு, அப்பா அம்மா இருவரும் ஐ.டி.யில். ஷீலாவும் அவளும் தமிழ்க்காரிகள் என்றாலும் லேபில் இந்தியிலேயே பேசிக்கொண்டார்கள். சஹானாவின் தமிழ் பாதி வழியில் நின்றுவிடும்.

சஹானா கல் தேடிப் போய்வந்த இடம் நர்மதைக்கு வடக்கே, பாக் என்ற ஊர்ப் பக்கம். ஏறக்குறைய ஒன்பது பத்துக் கோடி வருடங்களுக்கு முன் மேற்கிலிருந்து கடல் அந்தப் பள்ளத்தாக்கு வழியாக உள்நாட்டுக்குள் வெகுதூரம் ஏறி வந்திருந்தது. பின்பு வடிந்துபோனது. அதற்கும் வெகுகாலம் கழித்து எரிமலைக் குழம்பு பரவி எல்லாவற்றையும் மூடியது. புனே உட்கார்ந்திருப்பது அந்தக் குழம்பு இறுகிய பாறை மேல். கடலின் சுண்ணாம்புக்கல் வெளியே தெரிகிற இடங்களில் கல்லாகிப்போன சிப்பிகளும் கடல் முள்ளெலிகளும் கிடைக்கும். சஹானா அங்கே ஓர் ஓடைக் கரையில் கட்டைவிரல் அளவில் ஓர் எலும்புத் துண்டைக் கண்டெடுத்திருந்தாள்.

கடலில் நீந்திய பெரிய ஊர்வன ஒன்றின் எலும்பு என்று அவள் நம்பினாள். உள்ளமைப்பைப் பார்த்தால்தான் அடித்துச் சொல்ல முடியும். அவள் தேடிய அந்தப் பகுதியில் அதுபோல வேறொன்று கிடைக்கவில்லை.

ஷீலா அதை அறுத்தபோது ஒரு பாதி பொடிந்துபோனது. அது இருவரும் எதிர்பார்த்ததுதான். மறுபாதி நின்றது. அதை ஒட்டித் தேய்க்க ஆரம்பித்தாள். மதியம் சஹானா வகுப்புக்குப் போன சமயம் எடுத்துப் பார்த்தாள். தேன்கூடு மாதிரி லேசாகத் தெரிந்தது, ஆனால் மங்கலாக. இன்னும் ஒரு சுற்று தேய்த்தால் துலங்கிவிடும் என்று நினைத்தாள். அதோடு நிறுத்தியிருந்தாலும் போதுமானதாக இருந்திருக்கும். தேய்த்தாள். கழுவி மறுபடி வைத்துப் பார்த்தபோது பசையும் கண்ணாடியும் மட்டும் இருந்தன.

சஹானா திரும்பி வந்ததும் ஷீலா எழுந்து நின்றாள். இந்தி வரவில்லை.

"அது போயிட்டும்மா. நாந்தான் கூடுதலாத் தேச்சுட்டேன்."

"எது ஆன்ட்டி?"

"எலும்பு."

சஹானா குனிந்து பார்த்தாள். சில்லை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்தினாள். "ஃபுல்லா போயிடுச்சா? கொஞ்சம்கூட இல்லியா?"

"இல்லம்மா."

சஹானா பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அடுத்த நாலைந்து நாள் லேபுக்கு வரவில்லை.

ஷீலாவின் கணவன் ரமேஷ் வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை பார்க்கிறவன். "ஏட்டி, எங்க செக்ஷன்ல கை தவறுனா ஊருக்கே கேக்கும். ஒனக்குப் போனது ஒரு கல்லு. விடுவியா?" என்றான்.

"சத்தம் வந்திருந்தா நிப்பாட்டியிருப்பேன்," என்றாள் அவள்.

பிரிவின் தலைவர் விசாரித்தார், திட்டவில்லை. மழை முடிந்ததும் சஹானா மறுபடி அங்கே போய்த் தேடட்டும் என்றார். ஷீலா தானும் போகிறேன் என்று கேட்டாள். அத்தனை வருடத்தில் கல் வந்த ஓர் இடத்தையும் அவள் பார்த்ததில்லை. தலைவர் சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அங்கே போனபோது ஓடைக் கரையின் அந்தப் பகுதி இல்லை. நிலத்துக்காரர் ஜே.சி.பி. வைத்துச் சமன் செய்து பருத்தி போட்டிருந்தார். மிச்சமிருந்த கரையிலும் தள்ளிப்போட்ட மண் குவியலிலும் இருவரும் தவழ்ந்து தேடினார்கள். சிப்பிகள் கிடைத்தன. பொத்தான் போலக் கடல் முள்ளெலிகள் கிடைத்தன. எலும்பு கிடைக்கவில்லை.

ஒருநாள் வெயில் தாழ்ந்த பிறகு ஷீலா எதிர்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வெளுத்த சுண்ணாம்புக்கல், அதன் தலைமேல் கருங்கல்.

"இந்தக் கறுப்பு நம்ம கட்கில இருக்கதுதான?"

"அதேதான் ஆன்ட்டி."

"கடலு எங்கிட்டு வழியா வந்துச்சு?"

சஹானா சூரியன் இறங்குகிற பக்கம் கை காட்டினாள். "அங்கேருந்து. அப்புறம் அப்படியே ரிட்டர்ன்."

'ரிட்டர்ன்' என்றதைக் கேட்டு ஷீலா சிரித்துவிட்டாள், சஹானாவும் சிரித்தாள். எலும்பு தேய்ந்த நாளுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். திரும்பி வரும் வழியெல்லாம் சஹானா தடுமாறித் தடுமாறித் தமிழிலேயே பேசினாள்.

சஹானாவின் ஆய்வேடு கடைசியில் சிப்பிகளைப் பற்றியதாக முடிந்தது. எலும்புக்கு ஒரு வரி: 'மாதிரித் துண்டு ஒன்று, தயாரிப்பின்போது இழக்கப்பட்டது.' முன்பக்கத்தில் ஷீலாவுக்கு நன்றி சொல்லியிருந்தாள். பட்டம் கிடைத்ததும் ஒரு பிரதியோடு லேபுக்கு வந்து இரண்டையும் படித்துக் காட்டினாள்.

"நன்றி சொல்ற எடத்துல எம்பேரு இருக்கு. தொலைச்ச எடத்துல இல்லியே?"

"அங்க பேர் போட மாட்டாங்க ஆன்ட்டி."

"போட்டா என்ன?"

சஹானா பிரதியை ஷீலாவிடமே கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது அவள் ஜெய்ப்பூரில் பாடம் நடத்துகிறாள்.

ஷீலா வேலையை விடவில்லை. ஆனால் எலும்பும் அரிய கல்லும் வந்தால் தனியாகத் தேய்ப்பதில்லை. கொண்டுவந்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் சில்லை அவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வாள். போதும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். சிலர் பயந்துபோய்ச் சீக்கிரமே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். அந்தச் சில்லுகள் கொஞ்சம் தடித்து, மங்கலாக இருக்கும். அவள் அப்படியே கழுவித் துடைத்துக் கொடுத்துவிடுவாள்.