குளம்படிப் பாறையில் வெறுங்கால்

கீமோ சிகிச்சை முடிந்து ஏழு மாதமாகியும் என் மனைவியின் பாதங்களுக்கு உணர்வு திரும்பவில்லை. மரத்துப்போன அந்தக் கால்களில் ஒருநாள் கொதிநீர் கொட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் பார்த்து அலறினேன். உணர்வு வரலாம், வராமலும் போகலாம், வெறுங்காலோடு மட்டும் நடக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் சப்பாத்துத்தான். காவல்காரன் நான்.

"ஒருக்கா எங்கயாவது கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்று அவள் கேட்டதால், ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் டோர்ட்மண்டிலிருந்து ஹார்ட்ஸ் மலைக்குக் காரை விட்டேன். புளிச்சோறு, கட்லட், பிளாஸ்கில் இஞ்சித் தேநீர், எல்லாம் பத்துப் பேருக்குக் காணும். போனது இரண்டு பேர்.

கம்பியில் தொங்கிப் போகும் கதிரை லிஃப்டில் மேலே ஏறினோம். பள்ளத்தாக்கு செங்குத்தாக இறங்கியது; அடியிலிருந்து ஆற்றின் சத்தம் மட்டும் வந்தது. பனியுகத்தில் உருகி வந்த வெள்ளங்களும் ஆறும் சேர்ந்து அறுத்த பள்ளம் என்று பலகையில் எழுதியிருந்தது. பக்கத்திலேயே ஊர்க்கதை: அரக்கன் துரத்த, குதிரையில் வந்த இளவரசி இந்தப் பள்ளத்தை ஒரே பாய்ச்சலில் தாண்டினாளாம். குதிரையின் குளம்படி பாறையில் இன்னும் இருக்கிறதாம். எனக்கு வெள்ளம் பிடித்தது, அவளுக்குக் குதிரை.

என் கையைப் பிடித்தபடி கல்லுப் பாதையில் மெல்ல மெல்ல நடந்துவந்தாள். அந்தக் குளம்படி பாறையில் ஒரு குழி, அதற்குள் மழைத்தண்ணீர். நான் படமெடுக்க ஃபோனைத் தேடுவதற்குள் அவள் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டாள்.

"உமக்கென்ன விசரே? டொக்டர் சொன்னது மறந்துபோச்சோ?"

"கோயில் மாதிரி இருக்கு. சப்பாத்தோட நிக்க ஏலாது."

"இது குதிரை வந்த இடமப்பா!"

சத்தமாகவே கத்திவிட்டேன். பின்னால் நின்ற ஜெர்மன் தம்பதி எங்கள் கால்களைப் பார்த்தார்கள். அவள் எதையும் காதில் வாங்காமல் கும்பிட்டாள். பிறகு கண்ணைத் திறந்து தன் காலையே பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, குளிருது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஈரப் பாறையில் முழங்காலிட்டு, அவளைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் விரலாகத் தொட்டேன். சின்னவிரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெருவிரலைத் தொட்டதும், "ஓம், பெருவிரல்" என்றாள். மற்றக் காலிலும் அப்படித்தான்.

நான் அழுதேன். டொக்டருக்கும் குதிரைக்கும் இளவரசிக்கும் அந்தப் பழைய வெள்ளத்துக்கும் சேர்த்து நன்றி சொன்னேன். யாரையும் விட்டுவிடப் பயமாக இருந்தது.

குளிர் தாங்காமல் அவள் காலை மாற்றி மாற்றி வைத்தாள். "சப்பாத்தைப் போடும்" என்று நான் சொல்லவேயில்லை.